மாதிரித் துண்டின் மரியாதை

இழுத்துப் பார்த்தால் எல்லாக் கண்ணாடியிழைத் தகடும் வீரம் பேசும். நெரித்துப் பார்க்கும்போதுதான் இழைகள் வளைந்து, அடுக்குகள் ஒன்றையொன்று கைவிடும். அலையில் மோதும் படகின் ஒரு பக்கம் இழுபட, மறுபக்கம் நெரிபடுகிறது. ஆகவே திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஆய்வுகூடமொன்றில், தகடுகளை நெரித்துச் சான்றிதழ் வழங்கும் பணியில் கஜந்தி இருந்தாள். இம்முறை சான்றிதழ் வேண்டியிருந்தது கிண்ணியாப் படகுப் பட்டறை முதலாளி றுவைஸுக்கு. அவருடைய புதுப் படகுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தவனோ, சல்லியில் மீன்பிடிக்கும் அவளது தம்பி கிருஷாந்த்.

மாதிரித் துண்டுகள் புதுத் துவாயில் சுற்றப்பட்டு, மாப்பிள்ளைக்குரிய மினுக்கத்துடன் வந்திறங்கின.

"படகில வெட்டினதோ நானா?" என்று, அண்ணன் முறை சொல்லி றுவைஸைக் கேட்டாள் கஜந்தி.

"படகில வெட்டினா படகு என்னாகிற மிஸ்? சோதினைக்கெண்டே செஞ்ச. வெளியாக்களுக்குக் குடுக்கிறதக் கவனிச்சுத்தானே குடுக்கோணும். நல்ல ரெசின், வழமையவிட ரெண்டு அடுக்கு கூட."

விருந்தாளியின் தட்டில் நல்ல இறைச்சியாகத் தேடி வைக்கும் பண்பு அது. இங்கே விருந்தாளி ஓர் இயந்திரம். அது மிகுந்த திருப்தியுடன் உயர்ந்த எண்ணொன்றைக் காட்டிற்று.

கஜந்தி பட்டறைக்கே போனாள். அச்சிலிருந்து கழற்றியபின் தம்பியின் படகு விளிம்பில் அறுத்தெறிந்த துண்டு, கோழிக்கூட்டுக்குக் கூரையாகியிருந்தது. கோழிகளின் ஆட்சேபத்தைப் பொருட்படுத்தாது அதை எடுத்துவந்து நெரித்தாள். முந்தைய எண்ணில் பாதியைக்கூட எட்டாமல் அடுக்கடுக்காகப் பிரிந்தது.

றுவைஸ் நீதிமானாக யோசித்தார். "ரெண்டையும் கூட்டி நடுவில ஒண்டப் போடுங்கோ மிஸ்."

"கடலும் பாதிதான் நனைக்குமெண்டால் போடலாம் நானா."

சான்றிதழ் கிடைக்கவில்லை. அவள் வீடு போய்ச் சேருமுன் தொலைபேசி அடித்தது.

"அக்கா, நீங்கள் ஆரின்ர பக்கம்?" என்றான் கிருஷாந்த். "சீசன் துவங்குது. சரி, நான் பழைய வள்ளத்திலயே போறன். அதுக்கு ஆர் சேட்டிபிக்கட் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை. அது எப்பவெண்டாலும் உடையுமெண்டு உனக்குத் தெரியும், அதால தூரம் போகமாட்டாய். புதுப் படகுக்கு நான் கையெழுத்து வச்சால், நீ கரையைத் திரும்பிப் பாக்கவும் மாட்டாய்."

"படிச்ச ஆக்களோட கதைக்க ஏலாது," என்று அவன் துண்டித்தான்.

மறுநாள் பழைய வள்ளத்தில், அக்காவைத் திட்டியபடியே கடலுக்குப் போனான். வலை போட்டதென்னவோ கரை தெரியும் தூரத்தில்தான்.