எனக்கு வேண்டிய பொத்தான்

"மாமி, நீங்க கொஞ்சம் மெதுவா பாடணும். மைக்கில கேக்குது."

என் மருமகள் ஜின்சி இப்படிச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில். அவள்தான் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறாள். என் தொண்டையோ தைராய்டு ஆப்பரேஷனுக்குப் பிறகு அரம் போட்டு ராவியது போல் ஆகிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து நான் வாயைத் திறந்தால் பாட்டு கேட்காது, என் குரல்தான் கேட்கும். அவள் சொன்னதில் குற்றமே கிடையாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருபது வயதில் அதே சபையில், கிறிஸ்துமஸ் ஆராதனையில், தனியாக நின்று பாடியவள் நான். அன்று மைக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெளியே மாமரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

இதை ஜின்சியிடம் சொன்னால் "ஆமா மாமி" என்பாள். வயதானவர்கள் எல்லாரும் தாங்கள் ஒரு காலத்தில் ஒல்லியாக இருந்ததாகச் சொல்வார்களே, அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்வாள்.

ஆனால் என்னிடம் சாட்சி இருந்தது. கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவு கனம். அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டை அவர் அதில் பதிந்து வைத்தார். அந்த டேப் ரீலும் ரெக்கார்டரும் என் அலமாரியில் பத்திரமாக இருந்தன. ரெக்கார்டர்தான் ஓடாது. அதில் பல பொத்தான்கள் உண்டு, பதிவதற்கு என்று சிவப்பாக ஒன்றும் உண்டு. எனக்கு வேண்டியது ஒரே பொத்தான், பாட வைக்கிற பொத்தான். ஜின்சி ஒரு தடவை என் குரலைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

இந்த ஆசையை யோசுவாவின் காதில் போட்டேன். யோசுவா என் கொழுந்தன் மகன். நெய்யாற்றின்கரையில் இன்சூரன்ஸ் பார்க்கிறான். பிழைப்புதான் இன்சூரன்ஸ், உயிர் முழுக்கப் பழைய ரேடியோவில். அவனோடு இரண்டு பேர் சேர்ந்து சுற்றுவார்கள். ஒருவர் ஒற்றசேகரமங்கலம் மோகனன், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவன் தீபு, பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவன். தினமும் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ராத்திரி வந்து ரேடியோ வால்வைப் பார்க்கிறவன். மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் வீட்டுக்கார அம்மாக்களைச் சேர்ப்பதில்லை.

அடுத்த நாளே மூவரும் வந்துவிட்டார்கள். ரெக்கார்டரை மேசைமேல் வைத்ததும் மோகனன் செய்த முதல் வேலை, அதன் முதுகில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டார். "ஒறிஜினல்," என்றார்.

"பெரியம்மே, இத ஆரும் தொடல்லியே?" என்று யோசுவா கேட்டான்.

"தூசி தட்டினேன்."

"ஐயோ, தட்டப்பிடாது பெரியம்மே. தூசியும் ஒறிஜினலாக்கும்."

என் வீட்டுத் தூசிக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் துடைப்பத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டேன்.

"மக்கா, எனக்கு இது பாடினா போதும்," என்றேன்.

யோசுவா சிரித்தான். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "பாட வெக்கது ரிப்பேராக்கும் பெரியம்மே. அத முக்குல உள்ள ரேடியோ கடக்காரனும் செய்வான். நாங்க செய்யது ரெஸ்டொரேஷன்."

ரெஸ்டொரேஷனுக்கு முதலில் ஒரு டோனர் வேண்டுமாம். டோனர் என்றால், உறுப்பு தானம் கொடுக்க இதே மாதிரி இன்னொரு மெஷின். அதன் வயிற்றைக் கிழித்து அதிலுள்ள சாமானை இதில் வைப்பார்கள். அதைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். கடைசியில் கோட்டுகாலில் ஒரு வீட்டுப் பரண்மேல் அகப்பட்டது. கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிற மாதிரி ஆட்டோவில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் கொடுத்தார்கள். இரண்டு தட்டும் அழகாகச் சுற்றின.

"கண்டியளா டீச்சறே? மணி மணியா ஓடுது," என்றார் மோகனன்.

உள்ளே ஓடிப்போய் ரீலை எடுத்து வந்தேன். "அப்பம் இதப் போடுங்க. ஜின்சியும் இங்கதான் இருக்கா."

பந்திக்கு முன்னால் பாயசம் கேட்டவளைப் பார்ப்பது போல மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீச்சறே, இது டோனராக்கும்," என்றான் தீபு, மெதுவாக.

"டோனருக்கு வாய் இல்லியா? ஓடுதுல்லா?"

மோகனன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுக்க ஆத்மா வேற, அதுக்க ஆத்மா வேற. டீச்சருக்க பாட்டு பதிஞ்சது அந்த மெஷினிலயாக்கும். அதிலதான் கேக்கணும். இதில கேட்டா அது வெறும் சத்தம்."

ஜின்சி சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அந்த நல்ல மெஷினைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். ஓடாதது பிழைப்பதற்காக ஓடிக்கொண்டிருந்தது செத்தது.

அதற்குப் பிறகு என் ரெக்கார்டர் ஊர்வலம் போகத் தொடங்கியது. ஒரு வாரம் தீபு வீடு, ஒரு வாரம் மோகனன் வீடு, ஒரு வாரம் யோசுவா வீடு. எங்கள் சபையில் வீட்டு ஜெபம் இப்படித்தான் முறைவைத்துச் சுற்றிவரும். அங்கே முடிவில் சுக்குக்காப்பியாவது கிடைக்கும். இங்கே என் போனுக்குப் படம் மட்டும் வரும்: திருகாணிகளை வரிசையாக அடுக்கி எடுத்த படம், கரியேறிய பாகத்தைத் துடைப்பதற்கு முன் எடுத்த படம், துடைத்த பின் எடுத்த படம். மோகனன் மனைவி ஸ்ரீகுமாரி ஒரு நாள் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சறே, எங்க கட்டிலுக்கடியில ஏழெட்டு ரேடியோ கெடக்குது. இனி உங்களுக்க பெட்டியுமா?" என்று கேட்டாள். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

போதாததற்கு ரீலும் வேண்டும் என்று யோசுவா வந்து நின்றான். புது டேப் இந்த மெஷினுக்குச் சேராதாம். அந்தக் காலத்து மெஷினை அந்தக் காலத்து டேப்பை வைத்துத்தான் சோதிக்க வேண்டுமாம். கொடுக்க மனமே இல்லை. கொடுக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எலே, சிவப்புப் பொத்தானைத் தொடப்பிடாது. தொட்டா பாட்டு அழிஞ்சிரும்."

"நாங்க என்ன சின்னப் பிள்ளையளா பெரியம்மே?"

சின்னப் பிள்ளைகளை முப்பது வருஷம் மேய்த்தவள் நான். அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மோகனன் போன் செய்தார். "டீச்சறே, பாட்டு வந்தாச்சு! ரெண்டு வரி கேட்டேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "எப்படி இருந்துது?"

"ஸ்பீடு கரெக்ட்."

"குரல்?"

"மிட் நல்லா உண்டு. பேஸ் சத்தம் கொஞ்சம் குறவாக்கும்."

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு என் பாட்டை ஒரு மனிதர் கேட்கிறார். அவருக்குத் தோன்றியது இதுதான். போகட்டும். "அப்பம் இப்பமே கொண்டு வாங்க சாரே," என்றேன்.

"அதெப்படி? ரெக்கார்டு பொத்தானை இன்னும் சோதிச்சு நோக்கல்ல. அதும் வேல செஞ்சாத்தான் முழு ரெஸ்டொரேஷன்."

நான் கத்திய கத்தில் ஜின்சி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். மோகனன் அசரவில்லை. "பேடிக்கண்டா டீச்சறே, பயமே வேண்டாம். ரீலுக்கு ரெண்டு பக்கம் உண்டு. பாட்டு ஒரு பக்கத்தில. மறு பக்கம் சும்மா கெடக்குது. ரீலைக் கடைசிவர ஓட்டி மாத்திப் போட்டா காலிப் பக்கம் வரும். நானே மாத்திப் போட்டுத்தான் யோசுவாட்ட குடுப்பேன்."

சொன்னபடியே செய்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு முன்னறையில் திறப்பு விழா. ரெக்கார்டர் பளபளவென்று இருந்தது. ஒறிஜினல் தூசியை எங்கே போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. தீபு வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான். ஜின்சியை நான் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அன்று நல்ல சேலை கட்டியிருந்தேன், அதை மறைப்பானேன்.

யோசுவா பொத்தானை அழுத்தினான். ரீல் சுற்றியது. சத்தம் இல்லை.

"கேட்டியளா?" என்றார் மோகனன், கிசுகிசுப்பாக.

"என்னத்த?" என்றேன்.

"ஒண்ணும் இல்லியே! ஹம் இல்ல. இரைச்சல் இல்ல. என்ன ஒரு சுத்தம்!"

"பழய மெஷினில இப்பிடி ஒரு சைலன்ஸ் நான் கேட்டதே இல்ல," என்று தீபு கண் கலங்கினான். யோசுவாவும் மோகனனும் கை குலுக்கிக்கொண்டார்கள். ரீல் தன் பாட்டுக்குச் சுற்றியது. அவர்கள் அந்த நிசப்தத்தை ஆளுக்கொரு வாய் ரசித்தார்கள்.

அப்போது ரெக்கார்டர் பேசியது. "ஹலோ... ஹலோ... ஒண்ணு, ரெண்டு... மீட்டர் முள்ளு ஆடுதா? ஆடுது, ஆடுது."

யோசுவாவின் குரல். அடுத்து அவன் தொண்டையைச் செருமியது தெளிவாகக் கேட்டது. மறுபடியும் அந்தச் சுத்தமான நிசப்தம்.

மோகனன் முகம் வெளுத்தது. "எலே யோசுவா, நான் காலிப் பக்கம் மாத்திப் போட்டுல்லா தந்தேன்?"

"பாட்டு அழியப்பிடாதேன்னு நானும் மாத்திப் போட்டேனே," என்றான் யோசுவா.

இரண்டு ஜாக்கிரதைக்காரர்கள். முதல் ஜாக்கிரதை என் பாட்டைக் காப்பாற்றியது. இரண்டாவது ஜாக்கிரதை அதைத் திருப்பிக் கொண்டுவந்து சிவப்புப் பொத்தானுக்குக் கீழே வைத்தது. இவ்வளவு நேரம் அவர்கள் கை குலுக்கி ரசித்த நிசப்தம், அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு யோசுவா சும்மா ஓடவிட்டதில் அழிந்துபோன என் பாட்டு இருந்த இடம்.

ரெக்கார்டரை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. டக்கென்று ஒரு சத்தம் வந்தது. யோசுவா சோதனையை முடித்த இடம். அதற்குப் பின்னால் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்.

"ஆமென்."

நீளமான ஆமென். கீழே தொடங்கி மேலே ஏறி, அங்கே அசையாமல் நின்று, இறங்காமலே முடிந்தது. என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜின்சி எழுந்து நின்றுவிட்டாள். "மாமி... அது நீங்களா?"

எனக்கு அழுகை வந்தது. இந்த மூன்று மடையர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பாட்டு முழுவதும் இருந்திருந்தால் இவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது துக்கம் கோபமாக மாறிவிட்டது. கோபம் எனக்குப் பழகிய விஷயம். முப்பது வருஷம் அதை வைத்துத்தான் வகுப்பு நடத்தினேன்.

"யோசுவா, அந்தச் சிவப்புப் பொத்தான் நல்லா வேல செய்யுதா?"

"நல்லா செய்யுது பெரியம்மே," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பம் மைக்க எடு. ஜின்சி, அந்த ஆமென் தொடங்குற எடத்துக்கு முன்ன ரீலில ஒரு துண்டுக் கடலாசு வெச்சு அடையாளம் பண்ணு. அங்க வாறதுக்கு முன்ன நீதான் நிறுத்தணும். இவங்க கைய நம்பப்பிடாது."

ரீலைப் பின்னால் ஓட்டினார்கள். நான் மைக்கைக் கையில் வாங்கி, சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். என் கரகரத்த குரலில், ஆண்டு விழா அறிக்கை வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "இந்த நாடாவில் ரத்னபாய் இருபது வயதில் பாடிய பாட்டு இருந்தது. அதை அழித்தவர்கள் பெயரை அவர்களே சொல்லுவார்கள்."

மைக்கை நீட்டினேன்.

"யோசுவா."

"மோகனன்."

தீபு பின்வாங்கினான். "டீச்சறே, நான் மாத்திப் போடவே இல்ல."

"அந்த ஓடுற மெஷினை டோனராக்கும்னு பறஞ்சது ஆரு?"

"...தீபு," என்றான் மைக்கில்.

ஜின்சி சரியான இடத்துக்கு முன்னால் நிறுத்தினாள். ரீலை மறுபடியும் முதலிலிருந்து ஓட விட்டோம். அரம் போட்ட என் குரல் வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு கொஞ்ச நேரம், அவர்கள் ரசித்த அதே நிசப்தம். அதன் முடிவில், அந்த மூன்று பெயருக்கும் சேர்த்து, இருபது வயது ரத்னபாய் ஆமென் சொன்னாள்.

மோகனன் மெல்ல வாயைத் திறந்தார். "டீச்சருக்க இப்பத்த குரலுக்கு இந்த மெஷினில என்ன ஒரு..."

"சாரே, ஒண்ணும் பேசாண்டாம்," என்றாள் ஜின்சி.

அவள் முகம் கழுவிய மாதிரி நனைந்திருந்தது. ரீலைக் காகிதத் துண்டு இருந்த இடத்துக்குத் தானே திருப்பினாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, எனக்கு வேண்டிய, பாட வைக்கிற அந்த ஒரு பொத்தானை மறுபடியும் அழுத்தினாள்.