சர்வர் அணைந்த நண்பகல்

ஜூன் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உறவினர் வீட்டு விருந்தில், அத்தனை பேர் உண்டுகொண்டிருந்த மேசையில், என் மைத்துனர் என் மருமகளை இழிவுபடுத்தினார். "என்ன அத்தான், உங்க மருமக சொந்தப் புருஷனையே வேலைய விட்டுத் தூக்கிட்டாளாமே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வாய் நிறைய உணவு இருந்தது. மெல்லாமல் பேசும் பழக்கம் எனக்கில்லை. நான் விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் பிழை திருத்தியவன் நான். இந்தப் பிழையையும் இங்கே திருத்துகிறேன்.

என் மருமகள் நடத்துவது பார்சல் நிறுவனம். அவள் தந்தை ஒற்றை லாரியோடு தொடங்கியதை, பல ஊர்களில் கிளை வைக்கும் அளவுக்கு அவள் வளர்த்தாள். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது, எந்தக் கிளையில் இறங்கியது என்பதெல்லாம் தலைமை அலுவலகத்தின் பின்னறையில் சர்வர் என்னும் கணினிக்குள் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டவன் அவள் கணவன், என் மகன். பச்சைக் குழந்தையைக்கூட எவரும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. முன்னறையில் ஊழியர்கள் மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டிருக்க, அதற்கு மட்டும் தனி ஏசி. விடுமுறைக் காலத்தில் பார்சல்கள் குவிந்தால் அது திணறும். பெரிதாக வாங்கலாமென்றால், கூட்டம் ஓய்ந்தபின் அது வெறுமனே மின்சாரத்தைத் தின்றுகொண்டு கிடக்கும். அது நின்றால் எல்லாக் கிளைகளும் நிற்கும். நின்ற கணமே என் மகனின் கைப்பேசி அலறும். எந்த விருந்திலும் அவன் கைகழுவும்வரை உட்கார்ந்ததில்லை. உறவினர்கள் அவனுக்குப் 'பாதிச் சாப்பாடு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மகள் மேடையேறிப் பட்டம் வாங்கிய வேளையில், அரங்கத்துக்கு வெளியே நின்று, "ரீஸ்டார்ட் பண்ணியா? எதையும் தொடாத, நானே வர்றேன்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அந்த மகள், என் பேத்தி, தொலைதூர ஊரில் கருவுற்றிருந்தாள். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "அப்பா ஒரு தடவ வந்துட்டுப் போனா நல்லா இருக்கும்" என்று தொலைபேசியில் சொன்னாள். "வர்றேம்மா, இந்த சர்வர் கொஞ்சம் சரியாகட்டும்" என்றான் என் மகன். மருமகள் எதிரில் அமர்ந்து உண்டுகொண்டிருந்தாள். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சர்வருக்கு மாற்று உண்டா என்று மறுநாளே விசாரிக்கத் தொடங்கினாள்.

மேகக் கணிமை என்பது நல்ல தமிழ். எங்கள் வீட்டில் கிளவுட் என்றே சொன்னார்கள். நானும் தோற்றுப்போய் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். சொந்தக் கணினியை வைத்துக் காக்காமல், அதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் கணினிகளை வாடகைக்குப் பயன்படுத்துவது. கூட்டம் வந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்; ஓய்ந்தால் விட்டுவிடலாம். என் மகன் ஒப்பவில்லை.

"அடுத்தவன் இடத்துல கொண்டுபோய் வைக்கிறதா? கதவு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட நமக்குத் தெரியாது."

"தெரிஞ்ச கதவுல நீங்க பூட்டாட்டம் தொங்கிட்டு இருக்கீங்களே, அது போதாதா?" என்றாள் மருமகள். "அங்க ஷிஃப்ட் போட்டு ஆளுங்க முழிச்சிருக்காங்க. ஒரு இடத்துல போச்சுன்னா இன்னொரு இடத்துல காப்பி இருக்கு. இங்க நீங்க ஒரே ஆளு, உங்களுக்குக் காப்பி கிடையாது. நாம ஓட்டுற ரோடு நம்மளோடதா? அதுக்காக லாரி விடாமலா இருக்கோம்?"

அவன் மிகத் தாழ்ந்த குரலில், "அப்புறம் எனக்கு என்னடி வேலை?" என்றான். அவன் அஞ்சியது திருட்டுக்கோ பழுதுக்கோ அன்று. அவளும் அப்போதே அதைக் கண்டுகொண்டாள். ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"மொதல்ல நீங்கதான் எல்லாத்தையும் மாத்திக் குடுக்கணும். உங்கள விட்டா யாருக்கும் அது தெரியாது. அப்புறம், உங்க பொண்ணுக்கு அப்பான்னு ஒரு வேலை ரொம்ப நாளா காலியா கெடக்கு."

அவனே மாற்றினான், கிளை கிளையாக. பழையதும் புதியதும் சில வாரங்கள் அருகருகே ஓடின. சர்வரை அணைக்கும் நாள் வந்தபோது, ஆளில்லாத நேரத்தில் அணைக்கலாம் என்றான். அவள்தான் மறுத்தாள். "யாரும் இல்லாதப்ப அணைச்சா உங்களுக்கு நம்பிக்கை வராது. கூட்டம் இருக்கும்போதே அணைங்க." பெயர்ப்பலகையில் விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தைச் சேர்க்கச் சொல்வதற்காக நானும் அன்று அங்கே போயிருந்தேன்.

நண்பகலில் பொத்தானை அழுத்தினான். பின்னறையின் இரைச்சல் நின்ற பிறகே, அங்கே ஓர் இரைச்சல் இருந்ததை நான் உணர்ந்தேன். அவன் முன்னறை வாசலுக்கு வந்து நின்றான். கையில் கைப்பேசி. முன்மேசையில் இருக்கும் பெண்ணை எல்லாரும் 'அதட்டல் அக்கா' என்பார்கள். "யோவ், ஃப்ரிட்ஜப் படுக்க வெக்காதய்யா!" என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். எடைமேசையில் ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. பெட்டி எங்கே என்று கேட்ட ஒருவரிடம், திரையைப் பார்த்து, "நேத்தே கெளம்பிருச்சு சார், சாயங்காலம் கைக்கு வந்துரும்" என்றாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைப்பேசி ஒலிக்கவில்லை. அவன் செய்த வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது. ஆனால் அவன் முகம், அழைப்பில்லாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டவன் முகம்போல் இருந்தது. திரும்பிப் போய்ச் சர்வரின் முதுகில் உள்ளங்கையை வைத்தான். சூடு ஆறும்வரை எடுக்கவில்லை. மருமகள் அவசரப்படுத்தவில்லை. பிறகு, "உங்க பொட்டி கட்டியாச்சு, கெளம்புங்க" என்றாள்.

அவன் மகள் வீட்டுக்குப் போனபின் விடுமுறைக் கூட்டம் வந்தது. எந்தக் கிளையும் நிற்கவில்லை. கொள்ளுப்பேத்தி நலமாகப் பிறந்தாள். என் மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிறானாம். நடுநடுவே கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறானாம். "இது கெட்டுப்போச்சு போல, ஒரு தடவ கூப்பிட்டுப் பாரு" என்று மகளிடமே கேட்டானாம்.

இதைப் படிப்போரில் பாதிப்பேர் எனக்கு உறவினர்கள். அவன் எண் உங்களிடம் இருக்கிறது. மைத்துனரே, உங்களிடமும் இருக்கிறது. இன்றே அழையுங்கள். பார்சலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். குழந்தை யார் சாயல் என்று கேளுங்கள்; அவன் சொல்லி முடிக்கும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.