இடது கன்னத்துக்கு மட்டும்

"பாதி முகத்தைப் பார்க்கவா அவர் வர்றாரு? இதை நீ முன்னாடியே யோசிச்சு..."

"முழுசா தடவியிருந்தா எண்ணெய்ல ஆறுச்சா, தானா ஆறுச்சான்னு எப்படித் தெரியும்? இடது பக்கத்தைப் பாரேன், எவ்வளவு..."

"நான் என்ன உன் ஃபேக்டரித் தகரமா, அண்ணா?"

அண்ணனுக்குப் பெயிண்ட் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை. தகரத்தின் இடது பாதிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பான், வலது பாதியைச் சும்மா விடுவான், வெயிலில் கிடத்தி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சரி என்பான். அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தங்கையின் பருவுக்கு அவன் கொடுத்தது டீ ட்ரீ எண்ணெய். அப்படியே வைத்தால் தோல் எரியும் என்று ஜோஜோபா எண்ணெயில் சில சொட்டு மட்டும் விட்டுக் கலந்தான். முழங்கையின் உள்பக்கம் தடவி, அரிக்கிறதா என்று ஒரு நாள் பார்த்தான். அதுவரை ஒழுங்குதான். இடது கன்னத்துக்கு மட்டும் பூசு, வலதைத் தொடாதே என்றபோது அவளும் தலையாட்டினாள். அதற்கு முன் அண்ணி பேச்சைக் கேட்டுத் தேங்காய் எண்ணெயை வழிய வழியப் பூசி, இருக்கிற பரு போதாதென்று புதிதாகவும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தாள்.

வாரக்கணக்கில் பூசியதில் இடது கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. வலது கன்னம் ஜல்லி கொட்டின ரோடு. இன்றைக்கு மதியம் அவளைப் பார்க்க அந்த பஸ் டிரைவர் வருகிறார்.

பஸ் நிலையத்து மாடியறையில் மைக் முன் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது என்று சொல்வது அவள் வேலை. கீழே இருப்பவர்களுக்கு அவள் வெறும் குரல்தான். அந்தக் குரலுக்காகவே ஒரு டிரைவர் தினமும் சீக்கிரம் வந்து உட்காருகிறார் என்று அவருடைய கண்டக்டர் மாடியேறி வந்து சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, நேரில் பேசலாமா என்று டிரைவரே கேட்டனுப்பினார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இவள் தள்ளிக்கொண்டே போனாள். பிடிக்காமல் இல்லை. படியேறத் திணறுகிறவர்களின் மூட்டையை அவர் இறங்கி வந்து தூக்கி வைப்பதை ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். குரலை நம்பி வருகிற மனுஷன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டால்? அந்தப் பயம்தான்.

அண்ணிதான் வழி சொன்னாள். பஸ் நிலையத்துப் பெஞ்சில் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்துகொள், அவர் கண்ணில் படுவது இடது கன்னம் மட்டும், திரும்பாமல் நேரே பார்த்துப் பேசு. இது ஏமாத்து வேலை என்று அண்ணன் ஆரம்பித்தான். அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

மதியம் டிரைவர் வந்து உட்கார்ந்தார். அண்ணி சொல்லிவைத்தபடி அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் மெல்ல எழுந்து, சுற்றி வந்து, அவளுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தார். பையை நகர்த்துகிற சாக்கில் அவள் எழுந்து, மறுபடி அவருக்கு வலப்பக்கம் போனாள். அவர் மறுபடி எழுந்தார். இப்படியே நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் கோடி வந்துவிட்டது. அதற்கப்புறம் தூண்தான். கண்டக்டர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது, குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் டிரைவர். "வண்டி ஓட்டுறப்ப ஜன்னல் பக்கம் இருக்கிற வலது காது எனக்கு மந்தம். வருஷக்கணக்கா ஹாரன் சத்தம் வாங்கி வாங்கிப் போயிடுச்சு. இந்தப் பக்கம் உட்கார்ந்தாதான் நீங்க பேசுறது கேக்கும். முதல்லயே சொன்னா எந்திரிச்சுப் போயிடுவீங்களோன்னு..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் முழு முகத்தையும் அவர் பக்கம் திருப்பிவிட்டாள். அவர் இந்தக் கன்னத்தைப் பார்த்தார், அந்தக் கன்னத்தைப் பார்த்தார், ஏன் இப்படிப் பக்கத்துக்கொரு மாதிரி இருக்கிறது என்று கேட்டேவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? தேங்காய் எண்ணெயிலிருந்து தகரம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"காதுக்கும் உங்க அண்ணன்கிட்ட எண்ணெய் இருக்குமா? இல்ல, அதையும் நல்லாயிருக்கிற காதுல விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பாரா?"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலது கன்னத்தை அவர் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாதென்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போனது.

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டியிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. டிரைவர் பழக்கதோஷத்தில் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். அது சும்மா இருந்தது.

"அங்கே என்ன பார்க்கிறீங்க, பேசுற ஆள் இங்கே உட்கார்ந்திருக்கேன். உங்க வண்டி கிளம்புதுன்னு மேல போய்ச் சொல்லட்டுமா, வேண்டாமா?"