பேசிக்கொள்ளாத மாமன்கள்

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஜஹாங்கீரின் பேனர் கடை. சைமா அங்கே ஆறு வருடமாக டிசைன் செய்தாள். கேட்டதை வரைந்து தரும் ஏஐ வந்ததும், ஜஹாங்கீர் அவளை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார். தானே செய்து பார்ப்பாராம். முடிந்தால் அவள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

நாலாம் நாள் காலை அவரே போன் செய்து வரச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

கடையில் கோதண்டம் உட்கார்ந்திருந்தார். மடியில் சுருட்டிய பேனர். மறுநாள் அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. சொந்தக்காரர்களின் போட்டோ இருபத்துநான்கு கொடுத்திருந்தார். ஏஐ ஒரு நிமிடத்தில் அடுக்கிவிட்டது. சிரித்த முகங்கள் முன்னால், சிரிக்காதவை பின்னால். பெரிய தாய்மாமன் கடைசி வரிசையில் இருந்தார். அவருடைய நரைத்த மீசையும் கறுத்திருந்தது. இவர்களில் யார் மாமன் என்று ஜஹாங்கீர் கேட்கவே இல்லை.

"பேனரப் பாத்துட்டு சீரு எடுத்தாற மாட்டேன்றான் மச்சான். மாமன் இல்லாம பொண்ண எப்டி பாய் மணையில உக்கார வெக்கிறது?"

சைமா மவுசைத் தொடவில்லை. எத்தனை மாமன் என்று கேட்டாள். இரண்டு பேர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டா என்றாள். கோதண்டம் தலையைச் சொறிந்தார். மூன்று வருடமாக இல்லை.

"அப்போ ஆளுக்கு ஒரு மூலை. பொண்ணு நடுவுல. ரெண்டு மூஞ்சியும் ஒரே அளவு."

"சின்னவனுக்குக் கொஞ்சம் கம்மியா…"

"ஒரு நூலு கம்மியானாலும் நாளைக்கு மறுபடி இங்கதான் வருவீங்க."

"சரிம்மா, ஒரே அளவாவே போடு."

மயிலையும் தாமரையையும் ஏஐயிடம் விட்டாள். அவள் போட்ட எந்த மயிலையும் விட அது அழகாக இருந்தது. போட்டோவிலிருந்து ஆட்களை வெட்டியெடுப்பதையும் ஏஐயே செய்தது. முடி முடியாகப் படம் வெட்டி வலித்த மணிக்கட்டு, அன்று வலிக்கவில்லை.

மறுநாள் மதியம் கோதண்டம் போன் செய்தார். மாமன்கள் இருவரும் சீர்த் தட்டோடு வந்து, அவரவர் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டார்களாம்.

ஜஹாங்கீர் சைமாவின் நாற்காலியைத் தூக்கி வந்து கடை முகப்பில் போட்டார்.

"படத்த அது போடட்டும். நீ கேக்குறத கேளு."

சாயங்காலம் இக்னேஷியஸ் வந்தார், மகன் சர்ச்சில் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் பேனர் வேண்டுமென்று. சைமா நோட்டைத் திறந்தாள்.

"வூட்ல யாரு யாரோட பேச மாட்டாங்க?"

அவர் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்டூலை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.