உபயம்: அ. அரிகிருஷ்ணன்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய கையோடு, செருப்பைக்கூடத் தேடாமல் தாமரைச்செல்வி தெருவில் இறங்கினாள். கத்திரி வெயில். பிரான்சிலிருந்து அண்ணன் இளம்பரிதி வந்து சேர நாளைக் காலை ஆகும். அதுவரை உடம்பு தாங்க வேண்டும். பிணம் கிடத்த அப்பாவே தெருவுக்குப் பொதுவாக வாங்கிக் கொடுத்த குளிர்பெட்டியோ, இன்று பார்த்து அதே தெரு கொளஞ்சி வீட்டில் இருந்தது. அவள் புருசன் விடியற்காலையில் செத்துப்போயிருந்தான். வாடகைப் பெட்டிக்குத் தாமரையின் கணவன் அருள்முருகன் முத்தியால்பேட்டை முழுக்கப் போன் போட்டாகிவிட்டது. சாயங்காலத்துக்கு முன் ஒன்றும் கிடையாது.

அம்மா செத்தபோதும் இதே கதைதான். பாளம் பாளமாக ஐஸ் வாங்கிக் கிடத்தினார்கள். உருகி ஓடிய தண்ணீரை அப்பா நாளெல்லாம் ஒற்றை ஆளாய்த் துடைத்தார். கருமாதி முடிந்ததும் பெட்டி வாங்கினார். சரி, அம்மா பெயரையாவது எழுதினாரா? ‘உபயம்: அ. அரிகிருஷ்ணன், மில் தொழிலாளி (ஓய்வு)’ என்று சிவப்பில் தன் பெயர். பெட்டி எந்த எழவு வீட்டுக்குப் போனாலும் பின்னாலேயே போய், பெயர் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் வருவார். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தாமரைக்கு மானம் போயிற்று. “பேருக்குக் குடுக்கறதுக்குக் குடுக்காமலே இருக்கலாம்ப்பா” என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அடுத்த எழவுக்கும் அவர் பெட்டிக்குப் பின்னாலேயே போனார்.

கொளஞ்சி வீட்டு வாசலுக்கு வந்ததுமே அந்தச் சிவப்பெழுத்து தெரிந்தது.

“எட்டு மணிக்குத்தான் ஒங்கப்பா வந்து திருப்பி வெச்சிட்டுப் போனாரு, தாமர. அதுக்குள்ளயா?” என்றாள் கொளஞ்சி. பிறகு எழுந்தாள். “எடுத்துக்க. அவரு பொட்டி அவருக்கே இல்லன்னா எப்புடி.” கை பிளக்கை நோக்கிப் போனது.

“ஒம் பொண்ணு வந்துடுச்சாக்கா?”

“திருப்பூர்லேர்ந்து வரணும். ராத்திரி ஆயிடும்.”

தாமரை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கட்டும்க்கா. எங்களுக்கு வேற வருது.”

திரும்பி நடந்தபோது உள்ளங்கால் சுட்டது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“பொட்டி எங்க?” என்று அருள்முருகன் காதோரம் கேட்டான்.

“கொளஞ்சிக்கா வீட்டுக்கே விட்டுக் குடுத்துட்டேன்.” பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பும்படி சொன்னாள். “நீ ஐஸுக்குச் சொல்லு.”

ஐஸ் வந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியிலிருந்து தண்ணீர் வாசலை நோக்கி ஓடத் தொடங்கியது. தாமரை கொடியிலிருந்த அப்பாவின் துண்டை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். துடைத்து, வாளியில் பிழிந்தாள். அருள்முருகன் துண்டுக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.