பெரட்டில் கூப்பிட்ட பெயர்

பூரணிக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. வராமல் எங்கே போகும்? பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கம்ப்யூட்டர் எழுத்துப் பலகையை வரைந்து, அடுப்படியில் வைத்து, ஆறு மாதம் விரல் தேயத் தட்டியிருக்கிறாள். ‘டியர் சேர்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று முடிக்கும்வரை ஈமெயில் எழுதுவதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாரம் ஒருநாள் பொகவந்தலாவைக் கடைத்தெருவில் காசு கொடுத்து நிஜக் கம்ப்யூட்டரிலும் தட்டிப் பார்ப்பாள்.

ஹட்டனில் ஒரு கம்பனி ஆரம்ப ஆங்கிலப் பரீட்சை வைத்து, தேறியவர்களை அலுவலக வேலைக்கு எடுப்பதாக விளம்பரம் வந்திருந்தது. இருபத்திரண்டு வயதைத் தாண்டக் கூடாது. அவளுக்கு இருபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது. இதை விட்டால் தேயிலைக் கொழுந்துக் கூடைதான். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஏற்கனவே இரண்டு தரம் கேட்டுவிட்டார், “எப்ப வேலைக்குப் பேர் பதியப் போற?” என்று.

அனுமதிச் சீட்டை ஈமெயிலில் அனுப்பவா, தபாலில் அனுப்பவா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி ஏது? தபாலெல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பூரணி ஈமெயில் என்றுதான் எழுதினாள்.

“ஈமெயிலு கீமெயிலெல்லாம் வேணாம்மா,” என்றார் அப்பா சோலைமலை. “ஆபிசுக்கே வரட்டும். பெரட்டுல எம்மக பேரக் கூப்புடணும், நாலு பேரு காதுல விழணும். முப்பது வருசமா எம்பேர வேலைக்கு மட்டுந்தானே கூப்புட்டிருக்காங்க.”

பாவம், அந்த மனுசனுக்கு வேறென்ன ஆசை இருந்தது? பூரணி எழுதியதை அடித்துவிட்டுத் தோட்டத்து முகவரியை எழுதினாள். அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்தாள்.

அடுத்த மாதம் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். வேலை இல்லை, பெரட்டு இல்லை. பெரட்டு இல்லாததால் தபாலும் இல்லை. பத்தாம் நாள் பூரணி பொறுக்கமாட்டாமல் ஆபிஸ் ஜன்னலில் போய் நின்றாள்.

“எனக்குக் கடுதாசி வந்திருக்கான்னு பாருங்கய்யா. பரிச்சைக்குக் கூப்புடுவாங்க.”

கிளாக்கர் நிமிரவில்லை. “வேலைக்கு வரமாட்டீங்க, தபாலுக்கு மட்டும் வருவீங்களோ? பெரட்டு நடக்கட்டும், தர்றேன்.”

அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கடிதக் கட்டு கிடந்தது. என்ன திமிர் பாருங்கள்! அவள் கடைத்தெருவுக்கு ஓடி, கம்பனிக்கு ஈமெயில் எழுதினாள். ‘கைன்ட்லி’ போட்டு, ‘தேங்க் யூ’ போட்டு, பிழையில்லாமல் எழுதினாள். அவள் மனப்பாடம் செய்த அதே வாக்கியங்களில் பதில் வந்தது. நாளும் நேரமும் அனுமதிச் சீட்டில் உள்ளன, அது தபாலில் அனுப்பப்பட்டுவிட்டது, சீட்டு இல்லாதவர்களை உள்ளே விடமாட்டோம், நன்றி.

பதினைந்தாம் நாள் போராட்டம் முடிந்தது. முதல் பெரட்டுக்கு சோலைமலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மகளையும் கூட்டிப் போனார்.

“சோலைமலை மக பூரணி!”

கிளாக்கர் கூப்பிட்டதும் அப்பாதான் முன்னால் போய் இரண்டு கையாலும் உறையை வாங்கினார். “பிரிச்சு வாசிம்மா. இங்கிலீசுலயே வாசி, எல்லாரும் கேக்கட்டும்.”

பூரணி வாசித்தாள். திகதி வந்த இடத்தை இரண்டு தரம் பார்த்தாள். ஆனாலும் நிறுத்தாமல் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ வரை வாசித்து முடித்தாள். பெண்கள் கைதட்டினார்கள். அவளைத் தவிர அங்கே ஆங்கிலம் புரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் குனிந்துகொண்டு பேர்ப் புத்தகத்தைப் புரட்டினார்.

“பரிச்சை என்னைக்கும்மா?” என்றார் அப்பா.

“முந்தாநேத்துப்பா.”

சோலைமலை சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் பூரணி பேர் பதிந்தாள். இப்போது பெரட்டில் அவள் பெயரைத் தினமும் கூப்பிடுகிறார்கள். நாலு பேர் காதிலும் விழுகிறது. அந்த நேரத்தில் சோலைமலை மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.