சுவரில் பதினாறு பங்கு

பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதே காலுக்குத்தான் என் கணக்கில் ஓட்டை இருப்பது தெரிந்தது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி போட்டேன். நான்காம் முறையும் அதே விடை.

விஷயம் இதுதான். எங்கள் அணுக்கரு இணைவு உலையில், காந்தப்புலத்துக்குள் கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றச் சுற்ற வெப்பம் கதிர்வீச்சாக வெளியேறும். உலோகச் சுவர் அதைத் திருப்பி அனுப்பினால் பிளாஸ்மா பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு திரும்பும் என்பதில்தான் என் வெப்ப இழப்பு மதிப்பீடே நிற்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று எழுதியிருந்தேன்.

அந்த எண்ணைக் கொடுத்தது என் நாத்தனார், கணவரின் அக்கா. இதே ஆய்வுக்கூடத்தில் சுவர்ப் பிரிவில் வேலை. வீட்டில் நான் மடித்த துணியில்கூடக் குறை கண்டுபிடிப்பார். எண்ணில் மட்டும் பிசகவே மாட்டார். பிசகியது நான். அவர் கொடுத்தது வெறும் தகட்டுக்கான எண். சுவரில் நூற்றுக்குப் பதினாறு பங்கு கருவிகளுக்கான ஜன்னல்கள், அவற்றின் வழியே போனது போனதுதான். சேர்த்துப் பார்த்தால் எண்பதுதான் திரும்பும். திரும்பாத பங்கு நான்கு மடங்கு; இழப்பு அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இரண்டு மடங்கு.

கூட்டத்தில் புது எண்ணைச் சொன்னேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு வருஷ உழைப்பு போச்சு. அந்தத் தொண்ணூத்தஞ்சை யார் குடுத்தது?"

அறிக்கையில் 'சுவர்ப் பிரிவு' என்று இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் நான் தப்பித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நாக்கு எழவில்லை.

"நான்தான் சார்," என்று எழுந்தார் நாத்தனார். "ஜன்னலைச் சொல்ல மறந்துட்டேன்."

பச்சைப் பொய்! அவர் அனுப்பிய வரைபடத்தில் ஒவ்வொரு ஜன்னலும் அளவோடு இருந்தது.

"இல்ல சார், அவங்க எல்லாம் சரியாத்தான் குடுத்தாங்க," என்றேன். "நான்தான் சேர்க்கல."

கூட்டம் முடிந்ததும் நடைபாதையில் நாத்தனார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அறிவிருக்கா உனக்கு? ரெண்டு மாசத்துல எனக்கு ஓய்வு. என்னை என்ன பண்ணிடுவாங்க? நீதான் இன்னும் இருபது வருஷம் இவங்க மூஞ்சியில முழிக்கணும்."

"முழிச்சுக்கறேன் அக்கா. முப்பது வருஷமா ஒரு எண்ணுகூடத் தப்பாக் குடுக்காதவங்க நீங்க. போறப்போ என்னால அந்தப் பேரு கெடணுமா?"

என் கையிலிருந்த புதுக் கணக்கை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் ஒரு குறையும் சொல்லாமல் என்னிடம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது அன்றுதான்.